கையைப் பிடித்த வழக்கு

ரேடியோ என்ற பெயரை அவளுக்கு வைத்தது இரண்டாம் வகுப்பு டீச்சர். "இதுக்கு நிறுத்துற பட்டன் எங்கம்மா இருக்கு?" என்று அவர் அம்மாவிடம் கேட்டாராம். "நாங்களும் தேடிட்டுதான் டீச்சர் இருக்கோம்," என்றாளாம் அம்மா. அதோடு பெற்றவர்கள் வைத்த பெயர் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவில் மட்டும் மிஞ்சியது.

வாய் அப்பா வழியில் வந்தது. அப்பாவுக்குத் தொண்டைதான் பிழைப்பு. கோர்ட்டில் பெயர் கூப்பிடுகிறவர் அவர். மாஜிஸ்திரேட் தலையசைத்ததும் வாசலுக்கு வந்து, இன்னாரின் மகன் இன்னார் என்று மூன்று முறை கூவுவார். வராந்தாவின் கடைசித் தூணில் சாய்ந்து தூங்குகிறவனும் பதறியடித்து எழுந்துவிடுவான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் அம்மாவின் ஜெராக்ஸ் கடை. அப்பாவின் குரல் கடைக்குள் தெளிவாகக் கேட்கும். வாய்தாவுக்கு வந்தவர்களிடம், "நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க, கூப்பிட்டா நான் ஆள் அனுப்பறேன்," என்று அம்மா சொல்வாள். அவர்களும் அந்த விசுவாசத்துக்காக அவளிடமே காப்பி எடுப்பார்கள். சட்டத்தை நம்பிச் சாப்பிட்ட குடும்பம். சட்டத்தின் மேல் அவர்களுக்கு எந்தப் புகாரும் இருந்ததில்லை.

ரேடியோவுக்குப் பதினைந்து வயதாகும்போது ஒழுக்கச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதுவரை ஆணும் ஆணும் நேசித்தால்தான் குற்றம். பெண்களை விட்டுவைத்திருந்தார்கள். இது பாரபட்சம் என்று யாரோ எடுத்துச் சொல்ல, பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். சமத்துவத்தை நோக்கி ஒரு பெரிய அடி என்று அமைச்சர் பேசினார். வயதையும் இறக்கினார்கள். ஓட்டுப் போட, வண்டி ஓட்ட, வாடகைக்கு வீடு பிடிக்கப் பதினெட்டு ஆக வேண்டும். இந்தக் குற்றத்தைச் செய்வதற்குப் பதினாறு போதும். பள்ளிக்கூடத்தார் கண்ணில் பட்டால் காவல் நிலையத்துக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அது தனிக் குற்றம்.

அப்பா சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னார். "இனிமே இதுல பொம்பளைப் பேரும் கூப்பிட வேண்டியிருக்கும்."

"எதுலப்பா?" என்றாள் ரேடியோ.

"அதெல்லாம் உனக்கு வேண்டாம்."

வேண்டியிருந்தது. அது அவளுக்கே அடுத்த வருஷம்தான் தெரிந்தது.

பதினொன்றாம் வகுப்பில் புதிதாக ஒரு பெண் வந்து சேர்ந்தாள். முதல் வரிசையில் உட்கார்ந்தாள். பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் போர்டு தெரியவில்லை என்று முறையிட, கடைசி பெஞ்சுக்கு அனுப்பப்பட்டாள். அங்கே ஏற்கெனவே ரேடியோ இருந்தாள், பேசிய குற்றத்துக்காக. ஒருத்தி உயரத்தாலும் ஒருத்தி வாயாலும் ஒரே பெஞ்சுக்கு வந்து சேர்ந்தார்கள். புதியவளுக்கு நெட்டை என்று பெயராயிற்று. நெட்டை அதிகம் பேசமாட்டாள். அதற்கு அவசியமும் இல்லாமல் போய்விட்டது.

ஒருமுறை நெட்டைக்குக் காய்ச்சல் வந்து சில நாள் வரவில்லை. வகுப்பு அமைதியாக இருந்தது. வேதியியல் டீச்சர் பாடத்தை நிறுத்திவிட்டு, "என்ன, தொண்டை கட்டிக்கிச்சா?" என்று ரேடியோவைக் கேட்டார். தொண்டைக்கு ஒன்றுமில்லை. பேசுவதற்கு அவளிடம் ஒன்றுமே இல்லை. இப்படி அவளுக்கு ஆனதே கிடையாது. பயந்துபோனாள்.

காய்ச்சல் தேறி நெட்டை வந்த அன்று, இருவரும் ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"நீ பேசாமயே இருந்தியாமே?"

"ஆமா."

"ஏன்?"

"கேக்க ஆளில்ல."

"கிளாஸ்ல அவ்வளவு பேர் இருந்தாங்களே."

"அவங்கல்லாம் ஒரு ஆளா?"

நெட்டை ஏற்கெனவே கழுவிய குழாயை எடுத்து மறுபடியும் கழுவினாள். பிறகு, "எனக்கும் வீட்ல சத்தமே இல்லாம என்னமோ மாதிரி இருந்துச்சு," என்றாள். இதைவிட வெளிப்படையாக அவர்கள் எதையும் சொல்லிக்கொள்ளவில்லை. அவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

ரேடியோவுக்குச் சட்டம் தெரியும். அந்த வகுப்பிலேயே பிரிவு எண்ணோடு தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அதனால் மிகவும் ஜாக்கிரதையாக இருந்தாள். பள்ளிக்கூடத்தில் நெட்டையின் பக்கம் திரும்பக்கூட மாட்டாள். பஸ்ஸில் மட்டும், கடைசி சீட்டில், மடியில் பைகளை அடுக்கி, பைகளுக்கு அடியில் கையைப் பிடித்துக்கொள்வாள். அன்றைக்கு நெட்டை அவள் தோளில் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள். வேகத்தடையில் பஸ் தூக்கிப்போட்டதில் பைகள் கீழே விழுந்தன. கைகள் அப்படியே இருந்தன. வழக்கமாகக் காரில் வரும் தலைமையாசிரியை அன்றைக்குக் கார் பழுதாகி அதே பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தார்.

தலைமையாசிரியை கெட்டவர் இல்லை. அடுத்த நாள் பெற்றவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார். "நான் சொல்லாம விட்டா என் வேலை போயிடும். பஸ்ல இன்னும் நாலு பேர் பார்த்தாங்க. எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு, புரிஞ்சுக்கணும்."

"எனக்கு ஒண்ணுதான்," என்றாள் அம்மா.

காவல் நிலையத்தில் எழுதிக்கொண்ட பெண் காவலருக்கு விவரம் துல்லியமாக வேண்டியிருந்தது. "எந்தக் கை?" என்றார்.

"என்னோட இடது. அவளோட வலது."

"யாரு முதல்ல பிடிச்சது?"

ரேடியோ முதல் தடவையாக யோசித்துப் பேசினாள். "நான்தான்."

காவலர் எழுதிக்கொண்டார். வேலை சுலபமாக முடிந்ததில் அவருக்குத் திருப்தி.

அன்றே ஜாமீன் கிடைத்தது. பள்ளிக்கூடம் இரண்டு பேரையும் நீக்கியது. வீட்டில் அம்மா அவளிடம் பேசுவதை நிறுத்தினாள். ஒரே அறையில் மூன்று பேரும் இருக்கும்போது, "உங்க பொண்ணைச் சாப்பிடச் சொல்லுங்க," என்பாள். அப்பா, "அம்மா சாப்பிடச் சொல்றா," என்பார். "பசியில்லைன்னு சொல்லுங்க," என்பாள் ரேடியோ. அப்பாவுக்கு வீட்டிலும் அதே வேலையாகிப்போயிற்று.

ரேடியோவுக்கு மெதுவாக அழத் தெரியாது. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். மாடித் தொட்டி காலியாகிவிடும். வீட்டுக்காரர் வந்து, "தண்ணியைப் பார்த்துச் செலவு பண்ணுங்க," என்றார். பிறகு சற்று நின்று, "வேற வீடு பார்த்தாலும் நல்லதுதான்," என்றார். மேல்வீட்டுச் சின்னப் பெண்கள் அவளிடம் கணக்குப் பாடம் கேட்டு வருவது நின்றது. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள், காற்றில் பரவும் என்பதுபோல. யாரோ அம்மாவின் கடை ஷட்டரில் பெயிண்டால் ஒரு வார்த்தையை எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். அம்மா மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அதன்மேல் 'இங்கே கலர் ஜெராக்ஸ் எடுக்கப்படும்' என்று பெரிய தாளை ஒட்டினாள். அவளிடம் கலர் மெஷின் கிடையாது. கேட்டவர்களிடம் ரிப்பேர் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜாமீனுக்கு ஒரு நிபந்தனை, வாராவாரம் ஆலோசகரிடம் போக வேண்டும். ஆலோசகர் ரேடியோவைக் கொஞ்ச நேரம் பேசவிட்டுக் கேட்டு, கோளாறு குரலில் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். குரல் இறங்கினால் மனசு மென்மையாகும், மனசு மென்மையானால் மற்றது தானே சரியாகிவிடும் என்றார். ரேடியோ முயன்று பார்த்தாள். உண்மையிலேயே சரியாகிவிட்டால் தேவலை என்றுதான் அப்போது நினைத்தாள். ஆனால் காலமெல்லாம் கூவி அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். அவள் மென்மையாகச் சொன்ன ஒவ்வொன்றுக்கும், "என்ன? என்ன?" என்றார். சிகிச்சை அதோடு முடிந்தது.

அம்மாவின் வாயைத் திறக்கவைத்தவர் ஒரு வக்கீல் குமாஸ்தா. கோர்ட்டுக்குப் புதியவர். குற்றப்பத்திரிகை ஒன்றைக் காப்பி எடுக்கக் கொண்டுவந்து, மெஷின் ஓடும்போது பேச்சுக்கொடுத்தார். "பாருங்கம்மா, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க. இதுங்களைச் சொல்லிக் குத்தமில்ல. பெத்தவளைக் கொண்டாந்து நிறுத்தணும்."

அம்மா தாளைப் பார்த்தாள்.

"பெத்தவ நான்தான். எத்தனை காப்பி?"

குமாஸ்தா சொன்னதைவிடக் குறைவான காப்பிகளை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அம்மா அன்றைக்குக் கடையைச் சீக்கிரம் மூடினாள். வீட்டுக்கு வந்து நேராக ரேடியோவிடம், "உன் பேரை எழுத்துப்பிழையோட அடிச்சிருக்கானுங்க," என்றாள். அவள் பேச ஆரம்பித்தது அப்படித்தான். சாப்பாட்டையும் அவளே போட்டாள்.

இதற்கிடையில் நெட்டையின் வீட்டில் அவள் தாய்மாமா பொறுப்பை எடுத்துக்கொண்டிருந்தார். நெட்டைக்கு அப்பா இல்லை. மாமா ஒரு நல்ல வக்கீலைப் பிடித்தார். சட்டத்தில் ஒரு வழி இருந்தது. இருவரில் ஒருத்தி, மற்றவள்தான் தன்னைக் கெடுத்தாள் என்று சாட்சி சொன்னால், சாட்சி சொன்னவள் தப்பித்துக்கொள்ளலாம். ரேடியோதான் முதலில் கையைப் பிடித்ததாக அவளே சொல்லியாயிற்று. ஆகவே நெட்டை சாட்சியானாள். அறைக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டு, சொல்ல வேண்டியதைத் தினமும் சொல்லச்சொல்லிக் கேட்டார் மாமா.

விசாரணைக்கு முன்தினம் தலைமை எழுத்தர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார். "நாளைக்கு லீவு போட்டுருப்பா. வேற ஆளை விட்டுக் கூப்பிடச் சொல்றேன்."

"யார் கூப்பிட்டாலும் அவ பேரைத்தானே சார் கூப்பிடப் போறாங்க."

"அதுக்கில்ல. உனக்குக் கஷ்டமா இருக்குமே."

"இருக்கும். ஆனா நான் கூப்பிட்டா உச்சரிப்பாவது சரியா இருக்கும்."

மறுநாள் மாஜிஸ்திரேட் தலையசைத்தார். வயதான அம்மாள் அவர். தலையசைத்துவிட்டு மேஜையில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். அப்பா வாசலுக்கு வந்தார். வழக்கப்படி அப்பன் பெயரைச் சொல்லித்தான் பிள்ளை பெயரைச் சொல்ல வேண்டும். முதலில் தன் பெயரைக் கூவி, அவரின் மகள் என்று கூவி, பிறகு அவள் பெயரைக் கூவினார். வராந்தா முழுக்கத் திரும்பியது. ரேடியோ அவருக்கு ஒரு கை தூரத்தில்தான் நின்றாள்.

"வந்துட்டேன்பா," என்றாள்.

அப்பா அவளைப் பார்த்தார். நடைமுறை மூன்று முறை. பக்கத்தில் நிற்கும் பெண்ணைப் பார்த்துக்கொண்டே இன்னும் இரண்டு முறை கூவினார். மூன்றாவது தடவை தன் பெயரை மற்ற இரண்டு தடவையைவிடச் சத்தமாகச் சொன்னார் என்று ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற அம்மா பிற்பாடு சொன்னாள்.

ரேடியோ எதிரிக் கூண்டில் ஏறினாள், குற்றம் சாட்டப்பட்டவர்களுக்குக் கோர்ட்டில் எதிரி என்று பெயர். நெட்டை சாட்சிக் கூண்டில் ஏறினாள். குனிந்துதான் நின்றாள், அந்தக் கூண்டு அவள் உயரத்துக்குச் செய்ததில்லை. அரசு வக்கீலுக்கு அன்று வேறு வழக்குகளும் இருந்தன. அவசரமாகக் கேட்டார்.

"நீங்க பஸ்ல எங்க உட்கார்ந்திருந்தீங்க?"

"கடைசி சீட்ல."

"எதிரி உங்க கையைப் பிடிச்சாங்களா?"

"பிடிச்சா."

"உங்க சம்மதம் இல்லாம?"

நெட்டை மாமாவைப் பார்த்தாள். பிறகு மாஜிஸ்திரேட்டைப் பார்த்து, "முதல்ல பிடிச்சது நான்," என்றாள்.

அரசு வக்கீல் கையிலிருந்த தாளைப் புரட்டினார். "இல்லம்மா, அவங்களே ஒத்துக்கிட்டிருக்காங்க."

"அவ பொய் சொல்றா. அவ நிறையப் பேசுவா, எல்லாம் உண்மையா இருக்காது. பஸ் ஏறின உடனே நான்தான் பிடிச்சேன். தினமும் நான்தான் பிடிப்பேன்."

ரேடியோவால் அடக்க முடியவில்லை. "இல்லங்கம்மா! செவ்வாய்க்கிழமை நான்தான் பிடிச்சேன்!"

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. அப்பா, "சைலன்ஸ்," என்று கூவ வேண்டியிருந்தது. அவர் சம்பளத்தில் அதுவும் சேர்த்தி. மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றினார். "அரசு வக்கீல் சார், இப்ப உங்ககிட்ட ரெண்டு எதிரி இருக்காங்க. சாட்சி யாரு?" என்றார். அரசு வக்கீல் அவகாசம் கேட்டார். வாய்தா போடப்பட்டது.

வெளியே வந்ததும் வராந்தாவில் மாமா நெட்டையின் தலைமுடியைப் பிடித்துக் கையை ஓங்கினார். "கோர்ட்டு வளாகம்! கையை இறக்கு!" என்று ஒரு குரல் வந்தது. அந்தக் குரலுக்குத்தான் அங்கே ஆட்கள் பழகியிருந்தார்கள். மாமா மட்டுமல்ல, சம்பந்தமில்லாத இரண்டு பேரும் கையை இறக்கினார்கள்.

அதன்பின் வழக்கு மெல்ல நகர்ந்தது. தலைமையாசிரியையைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். அவருக்கு உடம்பு சரியில்லாமல் போய்க்கொண்டே இருந்தது. அந்த மாஜிஸ்திரேட் மாற்றலாகிப் போனார், இன்னொருவர் வந்தார். நெட்டையைத் தொலைவில் ஒரு விடுதியில் போட்டிருந்தார்கள். போன் கிடையாது. ஆனால் இப்போது அவளும் எதிரி என்பதால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவளைக் கொண்டுவந்து நிறுத்தியாக வேண்டும், இல்லாவிட்டால் வாரண்ட் போட்டுவிடுவார்கள். ஆகவே கொண்டுவந்தார்கள். இருவரும் ஒரே கூண்டில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். பேசக்கூடாது. வழக்கு எடுக்கப்பட்டு, தள்ளிவைக்கப்படும். ஒரு பாட்டு ஓடும் நேரம்கூட ஆகாது. வாய்தா எப்போது வரும் என்று ஆவலாகக் காத்திருந்த ஆட்கள் அந்தக் கோர்ட்டில் அவர்கள் இருவர்தான். ரேடியோ முந்தின நாளே துணிக்கு இஸ்திரி போட்டு வைப்பாள். அம்மா பார்த்தும் பார்க்காததுபோல இருப்பாள்.

கடைசியில் மேல்கோர்ட்டு, பதினெட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று சொல்லிவிட்டது. மேலே இருப்பவர்களுக்குப் பொருந்தும். வளர வளர ஜாக்கிரதையாக இருந்துகொள்ள வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். இவர்கள் பதினாறில் கையைப் பிடித்ததால் வழக்கு முடித்துவைக்கப்பட்டது. அப்போது இருவரும் பத்தொன்பதில் இருந்தார்கள். ரேடியோ கூண்டைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து அப்பா பக்கத்தில் இருந்தவர்களிடம் விளக்கம் சொன்னார்.

அழுததற்குக் காரணம் வேறு. இனி வாய்தா இல்லை.

இறங்கும்போது நெட்டை சொன்னாள். "நான் மாமா வீட்டுக்குப் போகல. துறைமுகத்துல கிரேன் ஓட்டக் கத்துக்கொடுக்கறாங்களாம். விடுதிலேருந்தே எழுதிப் போட்டேன், வரச்சொல்லிட்டாங்க."

"நானும் வரட்டுமா?"

நெட்டை கொஞ்சம் யோசித்தாள். "இப்ப வேண்டாம். உன்னைப் பார்த்தா எனக்குக் கோர்ட்டு ஞாபகம் வருது. என்னைப் பார்த்தா உனக்கு வரலியா?"

ரேடியோவுக்கும் வந்தது. ஆனால் அவளுக்கு அது பிடித்திருந்தது. அதைச் சொல்லவில்லை. நெட்டை போனாள். இப்போதும் கிரேன்தான் ஓட்டுகிறாள். வருஷத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ போன் செய்வாள். ரேடியோ பேசுவாள், அவள் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ரேடியோ தனியாகப் பரீட்சை எழுதித் தேறி, ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். பல வருஷமாக அங்கேதான் இருக்கிறாள். கண் பரிசோதிப்பது, லென்ஸை ஃபிரேமுக்கு ஏற்ப வெட்டுவது எல்லாம் அவள் வேலை. வயதானவர்கள் அவளைத்தான் கேட்டு வருவார்கள், அவள் சொல்வது காதில் விழுகிறது என்று.

அங்கே கண்ணாடி போட ஒரு நர்ஸ் வந்தாள். கண்ணாடி தயாரான பிறகும் திருகு தளர்கிறது, காதில் அழுத்துகிறது என்று வந்துகொண்டே இருந்தாள். கண்ணாடியில் ஒரு குறையும் இல்லை என்று ரேடியோவுக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் பொறுமையாகத் திருகை முடுக்கிக் கொடுத்தாள். இப்போது இருவரும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். இரண்டு படுக்கையறை. யாராவது வந்து பார்த்தால் சொல்வதற்கு அது தேவை. ஒன்றில் துணி காய்கிறது. வீட்டுக்காரர் அவர்களை அக்கா தங்கச்சி என்று நம்புகிறார், அல்லது அப்படி நம்புவதாகச் சொல்கிறார். முகஜாடை ஒன்றும் ஒத்துப்போகவில்லையே என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அடிக்கடி வந்து போகிறார். அவருக்கு ஒரே ஒரு சங்கடம். நர்ஸை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது? மகனுக்கு மனைவியானால் மருமகள். மகளுக்குக் கணவனானால் மாப்பிள்ளை. இது எதிலும் அடங்கவில்லை. ஆயிரக்கணக்கான பேரைக் கூப்பிட்டவர், ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கத் தடுமாறினார். கொஞ்ச காலம் "இந்தாம்மா" என்று சமாளித்தார். அம்மாதான் ஒருநாள் எரிச்சலாகி, "மருமகன்னு ஒண்ணு, மருமகள்னு ஒண்ணு, ரெண்டுக்கும் முன்பாதி ஒண்ணுதானே, மருமுன்னு கூப்பிடுங்க," என்றாள். கேலியாகத்தான் சொன்னாள். அவர் அப்படியே வைத்துக்கொண்டார். "மருமு, கொஞ்சம் தண்ணி" என்கிறார். நர்ஸ் முதல் தடவை அது காதில் விழுந்தபோது சமையலறைக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. அவருக்குத் தாகம் எடுத்ததுதான் மிச்சம்.

போன மாதம் நர்ஸுக்கு மருந்துச் சீட்டின் சின்ன எழுத்து தெரியவில்லை. வெள்ளெழுத்து என்று சொன்னதை அவள் ஒத்துக்கொள்ளவில்லை. ரேடியோ அவளைக் கடைக்குக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்தாள். முதலாளி கல்லாவில் இருந்ததால் மரியாதையாகவே பேசினாள்.

"கடைசி வரியைப் படிங்க மேடம்."

நர்ஸ் கடகடவென்று படித்தாள். ரேடியோ அட்டையை எடுத்து வேறு அட்டையை வைத்தாள். நர்ஸ் முன்பு சொன்னதையே மறுபடி சொன்னாள்.

"மேடம், நான் அட்டையை மாத்திட்டேன்."

"சொல்லிட்டு மாத்தணும் இல்ல?"

புதுக் கண்ணாடிக்கு நர்ஸ் கறுப்பு ஃபிரேம் எடுத்தாள். பழுப்புதான் எடுப்பாக இருக்கும் என்றாள் ரேடியோ. கேட்கவில்லை. இந்த விஷயத்தில் வீட்டில் இன்னும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.